எழுதுகோல் யாருடையது? – விண்டோஸ் இல்லாத ஒரு கணினியை முன்வைத்து

அண்மையில் ஒரு நூல் வெளியீட்டு விழா முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு மேசைக்கணினியை உறுப்பு உறுப்பாகத் தேர்ந்து இணையத்தில் வாங்கியதையும், விண்டோஸ் வேண்டாமென்று சொல்லி அதில் லினக்ஸ் நிறுவிக்கொண்டதையும் பேச்சுவாக்கில் குறிப்பிட்டோம். அருகில் நின்ற மூத்த எழுத்தாளர் ஒருவர் சிரித்தார். "நாங்கல்லாம் பேனா எந்தக் கம்பெனின்னு பாத்தா தம்பி எழுதினோம்? தமிழ் வாத்தியார்களுக்கு இந்த வேலை எதுக்கு?" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மரியாதைக்காக நாங்களும் சிரித்துவைத்தோம்.

பேருந்தில் ஊர் திரும்பும்போது, அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது என்று எங்களுக்குத் தோன்றியது. அக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. தமிழில் எழுதுவோர், கற்பிப்போர், பதிப்பிப்போர் ஆகியோரில் பலரும் கணினியைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் அதுவே. கடைக்காரர் தருவதை வாங்குவோம். அவர் போட்டுக்கொடுத்ததில் தட்டச்சு செய்வோம். மற்றவையெல்லாம் பொறியாளர் பாடு. இவ்வெண்ணம் தவறானது, இதற்கான விலையைத் தமிழ் முன்பே ஒருமுறை கொடுத்திருக்கிறது, இப்போது மறுமுறையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விழாவில் சொல்லத் தவறியதை இங்கே சொல்கிறோம்.

பேனா உவமையையே எடுத்துக்கொள்வோம். எழுதி முடித்தபின் எழுத்து தாளில் இருக்கிறது. பேனா உடையலாம், அதைச் செய்த நிறுவனம் மூடப்படலாம். தாளில் இருப்பதைப் படிக்க யாருடைய தயவும் தேவையில்லை. கணினியில் எழுதியதை மீண்டும் காண, எழுதிய அதே மென்பொருளோ, அக்கோப்பின் அமைப்பை அறிந்த வேறொரு மென்பொருளோ வேண்டும். அவ்வமைப்பை ஒரு நிறுவனம் தன்னிடமே மறைத்து வைத்திருந்தால், நம் எழுத்தைப் படிப்பதற்கு அந்நிறுவனம் உயிரோடிருக்க வேண்டும். நம்மை இன்னும் வாடிக்கையாளராக மதிக்கவும் வேண்டும். எந்தப் பேனாவும் எந்த எழுத்தாளனிடமும் இப்படியொரு நிபந்தனை விதித்ததில்லை.

இது கற்பனைப் பூச்சாண்டி என்று எண்ணுவோருக்காக எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறோம். எங்களில் ஒருவர் 2004இல் இளமுனைவர் பட்டத்துக்காகத் தம் வட்டாரத்துக் கதைப்பாடல்களை ஆராய்ந்தவர். பின்னிணைப்பாக, ஒரு மூதாட்டி பாடக் கேட்டு எழுதிய பாடல்கள் நாற்பது பக்கம். ஊரிலிருந்த டி.டி.பி. மையம் ஒன்றில் பேஜ்மேக்கரில் தட்டச்சாயிற்று. மூதாட்டி இன்று இல்லை. ஒலிநாடாக்கள் பூசணம் பிடித்துப் போயின. கைவசமிருந்த படியைக் கறையான் தின்றது. நூலகத்துக்கு அளித்த படியைத் தேடிக் கிடைக்கவில்லை. குறுவட்டில் கோப்பு இருக்கிறது என்ற தைரியம் மட்டும் எஞ்சியிருந்தது. சென்ற ஆண்டு அதைத் திறக்க முயன்றோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001இல். இன்றைய கணினிகளில் அது ஓட மறுத்தது. பழைய இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்துத் திறந்தால், பாடல்களுக்குப் பதிலாகத் திரையில் தெரிந்தவை கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகள். மையத்தார் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. மையமும் மூடப்பட்டுப் பல்லாண்டு ஆயிற்று.

எழுத்துரு மாற்றிகளைக் கட்டற்ற மென்பொருளாகச் செய்து வைத்திருக்கும் தன்னார்வலர்களின் புண்ணியத்தில் பெரும்பகுதியை மீட்டோம். வரிவரியாகச் சரிபார்க்க இரண்டு மாதம் பிடித்தது. ஆறு பக்கங்கள் கிடைக்கவேயில்லை. அந்தப் பாடல்களைப் பாடியவர் இல்லை, கேட்டு எழுதியவருக்கு நினைவில்லை.

சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றிய ஆண்டு 1887. அவர்களுக்குக் கிடைத்த ஏடுகள் முறிந்திருந்தன, செல்லரித்திருந்தன, பிழை மலிந்திருந்தன. எனினும் எஞ்சியதைக் கண்ணால் படிக்க முடிந்தது. படிகளை ஒப்பிட முடிந்தது. தலைமுறைகள் பல கடந்த ஓலை அவர்களிடம் பேசியது. இருபது ஆண்டுக்கு முந்தைய எங்கள் கோப்பு எங்களிடமே பேச மறுக்கிறது. இதற்குக் காரணம் காலமோ கறையானோ அன்று.

வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். இந்திய மொழிகளுக்காக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைத் தழுவி, 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் புழக்கத்திலிருந்த மென்பொருள்கள் அதைக் கையாளக் கற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது. விண்டோசில் ஒருங்குறித் தமிழ் வந்தது விண்டோஸ் 2000 பதிப்பில்தான். இடைப்பட்ட காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுத்துருக்கள் விற்கப்பட்டன. ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'மு' வைத்தார். ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்தவர் அந்நிறுவனத்தை விட்டு நகர முடியாது. வணிகருக்கு அதுவே வசதியாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் பொதுக் குறியீட்டு முறைகளையும் பரிந்துரைத்தது. தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது 2010இல். அதற்குள் எத்தனை ஆய்வேடுகள், எத்தனை சிற்றிதழ்கள் எங்களுடைய கோப்பின் கதியை அடைந்தனவோ!

அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. உலகெங்குமிருந்த தமிழார்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்துத் திஸ்கி என்னும் குறியீட்டு முறையை வகுத்து, அதன் அட்டவணையை யாவரும் அறிய வெளியிட்டனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் ஒரு கட்டத்தில் திஸ்கியில்தான் இருந்தன. ஒருங்குறி பரவியபோது அவை மாறிக்கொண்டன. சிலப்பதிகாரத்தை இன்று எந்தக் கைப்பேசியிலும் படிக்கலாம். அட்டவணை திறந்திருந்ததால் அந்த நூல்கள் பிழைத்தன. மூடிய எழுத்துருவில் இருந்தவை அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்துப் பிழைத்தன, அல்லது அழிந்தன. கட்டற்றதற்கும் பூட்டியதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழனுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து விளக்க வேண்டியதில்லை.

இது பழங்கதை, இப்போது எல்லாம் ஒருங்குறிக்கு வந்துவிட்டோமே என்பார் உண்டு. எழுத்துக்கு வந்துவிட்டோம், சரி. எழுதும் இயந்திரத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. தனியே பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள், அவ்வளவே. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எங்கள் துறையில் இருந்த கணினிகள் 2015இல் வாங்கியவை. அவற்றின் விசைகள் தேயவில்லை, திரை மங்கவில்லை. ஆயினும் அவை தகுதியற்றவை என்று ஓர் அறிவிப்பு வந்தது. எட்டாயிரம் மைல் தொலைவில் எடுத்த ஒரு முடிவால் எங்கள் துறையின் நல்ல இயந்திரங்கள் ஒரே நாளில் பழம்பொருளாகும் என்றால், அவற்றின் உரிமையாளர் யார்? நாங்களா, அவர்களா?

அவற்றுள் இரண்டில் லினக்ஸ் நிறுவினோம். இன்றும் நன்றாக ஓடுகின்றன. ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு உடனே புதுக்கணினி வாங்க ஓட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்களுக்குப் புதியது தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. உரியவர்களின் இசைவு பெற்ற பழைய சிற்றிதழ்களையும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் வருடிப் படமாக்கி, எழுத்துணரி கொண்டு உரையாக்கும் சிறுபணி ஒன்றை மேற்கொண்டிருக்கிறோம். நான்கு ஜிபி நினைவகம் கொண்ட பழைய இயந்திரங்கள் அதற்கு மூச்சு வாங்கின. மூவரும் பணம் போட்டுப் புதிதாக ஒன்று வாங்கத் துணிந்தோம்.

முதலில் நகரத்துக் கடையொன்றுக்குப் போனோம். விலை கேட்டோம். "விண்டோஸ், ஆஃபீஸ், போட்டோஷாப், பேஜ்மேக்கர், எல்லாத் தமிழ் ஃபான்ட்டும் போட்டுக் குடுத்துருவோம் சார். அதுக்குத் தனியாக் காசு கெடையாது" என்றார் கடைக்காரர். பெருந்தன்மைதான். அத்தனையும் திருட்டுப்படி என்பதை அவரும் மறைக்கவில்லை, நாங்களும் அறியாதவர்கள் அல்லர். எங்கள் பழைய கணினிகள் சிலவற்றில் இருந்ததும் அதுவே. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவது நேர்மையாகாது.

இந்த இடத்தில் நம் இலக்கிய உலகின் மனச்சாட்சியைச் சற்றுத் தொட வேண்டியிருக்கிறது. புத்தகங்களின் பிடிஎஃப் படிகள் வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் சுற்றுகின்றன என்று பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் கொதிக்கிறார்கள். கொதிப்பது நியாயம், உழைப்பைத் திருடுவது திருட்டுத்தான். ஆனால் அந்தப் புத்தகம் தட்டச்சான கணினியில் என்ன இருந்தது? பக்க அமைப்பு எந்த மென்பொருளில் நடந்தது? அட்டைப்படம் எதில் வரையப்பட்டது? எல்லாப் பதிப்பகங்களையும் நாங்கள் சொல்லவில்லை. உரிய விலை கொடுத்தவர்கள் இதைப் படித்து நிம்மதியாகத் தலையசைக்கலாம். மற்றவர்கள் கணினியை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

சட்டம் இதில் ஒரு வேடிக்கையைச் செய்திருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. பிற்காலத் திருத்தங்களின்படி, 'இலக்கியப் படைப்பு' என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே கணினி நிரலும் அடங்குகிறது. நாவலுக்கும் நிரலுக்கும் சட்டத்தின் முன் ஒரே பெயர். திருட்டு நிரல் என்று தெரிந்தே பயன்படுத்துவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று 63ஆ பிரிவு தனியே கூறுகிறது. இலக்கியவாதிகளாகிய நாம், நம்முடையது இலக்கியம், பிறருடையது இலவசம் என்று வழக்காடிக்கொண்டிருக்கிறோம்.

திருடாமலும், பூட்டுக்குள் போகாமலும் இருப்பதற்கு மூன்றாவது வழி ஒன்று நெடுங்காலமாகவே இருக்கிறது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சின் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்து உருவான இயங்குதளத்தை யாரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். பாரதியின் படைப்புரிமையை 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியதை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஒரு கவியின் சொல் பொதுச்சொத்தாவதன் பயன் என்ன என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? குனு பொது உரிமம் அதைவிட ஓரடி மேலே செல்கிறது: மாற்றி வெளியிடுபவரும் தம் மாற்றங்களை அதே உரிமையோடு பொதுவில் வைத்தாக வேண்டும். யாரும் எடுத்துப் பூட்டிவிட முடியாது.

கடையிலிருந்து வெளியேறி இணையத்தில் தேடினோம். உறுப்புகளை நாமே தேர்ந்து சொன்னால், பூட்டிச் சோதித்து அனுப்பும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் ஒருவரிடம் பதிவு செய்தோம். இங்கேதான் அந்த மூத்தவரின் கேலிக்கு நேரான விடை இருக்கிறது. எந்தக் கம்பெனி என்று நாங்கள் பார்த்தோம், ஐயா. பார்த்ததற்குக் காரணம் ஆடம்பரம் இல்லை.

லினக்சுக்காகக் கணினி வாங்குகையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த உறுப்பைச் செய்தவர், அதை இயக்கும் நிரலைத் திறந்து வைத்திருக்கிறாரா? வரைவியல் அட்டையை எடுத்துக்கொள்வோம். இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் இயக்கிகள் லினக்ஸ் கருவுடனேயே வருகின்றன. செருகினால் திரை ஒளிரும். என்விடியா நெடுங்காலம் தன் இயக்கியைப் பூட்டியே வைத்திருந்தது. டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்துப் பல்கலைக்கழக மேடையொன்றில் அந்நிறுவனத்தைக் கடுஞ்சொல்லால் திட்டியது உலகறிந்த செய்தி. 2022இல்தான் அது தன் இயக்கியின் ஒரு பகுதியைத் திறந்தது. எங்களுக்கு விளையாட்டும் வேண்டாம், காணொலித் தொகுப்பும் வேண்டாம். ஆகவே தனி அட்டையே இல்லாமல், வரைவியல் திறன் உள்ளடங்கிய ஏஎம்டி ரைசன் 5 5600ஜி செயலியை எடுத்தோம். ஆறு கருக்கள், பன்னிரண்டு இழைகள்; ஒரே நேரத்தில் பல பக்கங்களை எழுத்துணரிக்குக் கொடுக்க அது போதும். நினைவகம் 16 ஜிபி. இரண்டு எட்டாகப் பிரித்துப் போடச் சொன்னோம். உள்ளடங்கிய வரைவியல் அதே நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால் இரட்டையாகப் போட்டால் வேகம் கூடும். இயங்குதளத்துக்கும் எழுதும் கோப்புகளுக்கும் 500 ஜிபி திண்மத் தட்டு. வருடிய படங்களின் காப்புப்படிக்குத் தனி வன்தட்டு. கம்பியில்லா இணைப்புச் சில்லுகளில் சில லினக்சோடு பிணங்கும்; இன்டெல் சில்லு பிணங்குவதில்லை. எங்களுக்குக் கம்பி இணைப்பே போதுமாயிருந்தது. மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. எங்கள் ஊர் மின்சாரத்தை அறிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் அறிய எங்களுக்குத் தேவைப்பட்டது மூன்று மாலைப்பொழுதுகள். தொல்காப்பியத்தில் புணரியலைப் படித்தவர்களுக்கு இது கடினமான பாடமே அன்று.

பதிவுப் படிவத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தபின் இறுதியில் 'இயங்குதளம்' என்றொரு கட்டம். விண்டோஸ் ஏற்கெனவே குறியிடப்பட்டிருந்தது. அதை நீக்கினோம். மறுநாள் விற்பனையாளரிடமிருந்து தொலைபேசி அழைப்பு. "சார், விண்டோஸ் டிக் பண்ண மறந்துட்டீங்க." மறக்கவில்லை, வேண்டாம் என்றோம். "அது இல்லாம சிஸ்டத்த வெச்சு என்ன சார் பண்ணுவீங்க?" லினக்ஸ் போட்டுக்கொள்வோம் என்றோம். சற்று மௌனம். "சார் ஐடி கம்பெனியா?" இல்லை, தமிழ்த்துறை என்றோம். அந்த இளைஞர் அடக்கமாட்டாமல் சிரித்த ஒலி எங்களுக்குக் கேட்டது. விழாவில் கேட்ட சிரிப்பும் இதுவும் ஒரே சிரிப்பு. தமிழ் படித்தவன் பயன்படுத்துபவனாகவே இருப்பான், தேர்ந்தெடுப்பவனாக இருக்கமாட்டான் என்பதில் மூத்த எழுத்தாளருக்கும் இளைய விற்பனையாளருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

பத்தாம் நாள் பெட்டி வந்தது. திறந்து மின்னிணைப்புக் கொடுத்தால் விண்டோஸ் வரவேற்றது! கேளாமலே செய்த உபகாரம். உரிமம் இல்லாத படி. பணம் கொடுக்க மறுத்தவர்களுக்குத் திருட்டுப்படி ஒன்றைப் பரிவோடு போட்டனுப்பியிருந்தார்கள். இந்நாட்டில் விண்டோசைத் தவிர்ப்பது அதை வாங்குவதைவிடக் கடினம் என்று அன்று கற்றுக்கொண்டோம்.

தட்டைத் துடைத்துவிட்டு, 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ஐ யூஎஸ்பி குச்சியிலிருந்து நிறுவினோம். அரை மணி நேரம் ஆயிற்று. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க மேலும் ஐந்து நிமிடம். நோட்டோ, லோகித், மீரா இனிமை ஆகிய கட்டற்ற எழுத்துருக்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. எழுதுவதற்கு லிப்ரேஆஃபீஸ். அதன் ஓடிஎஃப் கோப்பு வடிவம் 2006லேயே பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் இலக்கணம் அச்சிட்டு வெளியிடப்பட்டிருக்கிறது. நாளை லிப்ரேஆஃபீஸ் மறைந்தாலும் அவ்விலக்கணத்தைப் படித்து இன்னொருவர் மென்பொருள் எழுதலாம். டெசராக்ட் எழுத்துணரி தமிழ் அறியும். பழைய அச்சுகளில் தடுமாறுகிறது. ணகரத்தையும் னகரத்தையும் சிலபோது மயக்குகிறது. ஆனால் முதல் வரைவைத் தருகிறது, திருத்துவது எங்கள் வேலை.

எல்லாம் இனித்ததா என்றால் இல்லை. இருந்ததை இருந்தபடி சொல்வோம். எங்கள் பழைய லேசர் அச்சுப்பொறிக்கு லினக்ஸ் இயக்கி கிடைக்கவில்லை. நண்பரிடம் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்க நேர்ந்தது. கல்லூரியிலிருந்து வரும் மேக்ரோ நிறைந்த எக்செல் படிவங்கள் அழகாகத் திறப்பதில்லை. அவற்றுக்கு அலுவலகக் கணினியைத்தான் நாடுகிறோம். எங்கள் கட்டுரையை ஏற்ற ஒரு பதிப்பகம், ஒருங்குறியில் அனுப்பியதை மறுத்துத் தன் பழைய எழுத்துருவில் கேட்டது. 2025இல்! கடைசியில் மாற்றி கொண்டு மாற்றித்தான் அனுப்பினோம். பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2024இல் வெளிவந்த அதன் 1.6 பதிப்பில் தமிழ் உடையாமல் அமைகிறது. ஆனால் இன்டிசைனில் பழகிய கைக்கு அது இணையில்லை என்று அத்தொழிலில் இருப்போர் சொன்னால் நாங்கள் மறுக்கமாட்டோம். அவர்கள் இன்டிசைனை விலை கொடுத்து வாங்கட்டும். திருடாமலிருந்தால் போதும்.

லினக்ஸ் அன்பர்களுக்கும் ஒரு சொல் உண்டு. உங்களிடம் ஐயம் கேட்டு வரும் தமிழாசிரியரிடம், "மேனுவலைப் படிங்க" என்று சொல்லி அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். நீங்கள் கட்டளை வரியில் எழுதும் புரியாத சூத்திரங்களுக்கு உரை எழுதுங்கள். சூத்திரத்துக்கு உரை வேண்டும் என்பது நம் மரபு. இளம்பூரணரும் பரிமேலழகரும் வேலையற்றவர்கள் அல்லர். 2012 சனவரி முதல் கணியம் இதழ் தமிழில் செய்துவரும் தொண்டு போற்றத்தக்கது. அப்படிப் பத்து வேண்டும்.

அரசும் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோசோடு சேர்த்தே வழங்கப்பட்டது. எங்களிடம் வந்த மாணவர்களின் கணினிகளில் நாங்கள் கண்டவரை, முதல் மாதத்திலேயே யாரோ ஒரு கடைக்காரர் அதை அழித்து, மேலும் ஒரு திருட்டு விண்டோசை ஏற்றியிருப்பார். ஏனெனில் அதை இயக்க ஆசிரியர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பாடத்திட்டத்திலும் அதற்கு இடமில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2000களின் நடுப்பகுதியிலேயே பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். அதற்கு முன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். மலையாள ஆசிரியரால் முடிந்தது தமிழாசிரியரால் முடியாது என்று யாரேனும் சொன்னால் அதை நாம் ஏற்போமா?

ஆகவே நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. இனி எழுதுவதை ஒருங்குறியில், திறந்த வடிவக் கோப்பில் சேமியுங்கள். பழைய எழுத்துருக்களில் கிடப்பவற்றை, அவற்றை அறிந்தவர்கள் உயிரோடிருக்கையிலேயே மாற்றி வையுங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய கணினியை எடைக்குப் போடுமுன் அதில் லினக்சை ஓட்டிப் பாருங்கள். புதிதாக வாங்குவதாயின் உறுப்புகளை நீங்களே தேர்ந்து சொல்லுங்கள். 'இயங்குதளம்' என்ற கட்டத்தில் உங்கள் அனுமதியின்றி இடப்பட்ட குறியை நீக்குங்கள். தொலைபேசியில் யாரேனும் சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்த மூத்த எழுத்தாளரை அடுத்த விழாவிலும் சந்திப்போம். அவர்மேல் எங்களுக்கு மனக்குறை ஏதுமில்லை. தம் முதல் சிறுகதைத் தொகுதி இன்று கிடைப்பதில்லை, பதிப்பாளரிடமும் கோப்பு இல்லை, 1998இல் ஏதோ ஓர் எழுத்துருவில் அடித்தது என்று அவரே அன்று மேடையில் வருந்திப் பேசினார். அவரிடம் ஒரு படி இருக்குமானால் கொடுக்கட்டும். எங்கள் கணினியில் வருடி, எழுத்தாக்கி, பிழை திருத்தித் திறந்த வடிவில் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். அதற்குத்தான் ஐயா, எந்தக் கம்பெனி என்று பார்த்து வாங்கினோம்.